பில் போட வந்தவர்கள்

எங்கள் கடையின் பில் வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்ற பேச்சு என் தோள்பட்டையில் இருந்துதான் தொடங்கியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. தலை வாருவதற்கே இடது கை வேண்டியிருந்தது. தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்காராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானோ கடை திறந்ததில் இருந்து மூடும்வரை கீபோர்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி போகும் சாலையில் எங்கள் கடை. நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தேவையான சாமான்களை விற்கிறோம், வாடகைக்கும் விடுகிறோம். தலைப்பக்கம் உயர்த்தி இறக்கும் கட்டில், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, சளி உறிஞ்சும் மெஷின். எல்லாவற்றையும்விட அதிகம் போவது ஆக்சிஜன் மெஷின். என் கணவர் வேனில் கொண்டுபோய் இறக்கி, மாட்டி, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். பில் போடுவது நான்.

பில் என்றால் கடையில் அரிசி பருப்புக்குப் போடும் பில் போல நினைத்துவிடக் கூடாது. வாடகைக்குப் போன மெஷினுக்கு மாதாமாதம் பில் போக வேண்டும். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் கடிதத்தின் நகல் கேட்கும். இன்னொன்று மெஷினின் சீரியல் நம்பர் பில்லிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லும். வேறொன்று வாடகையையும் டெபாசிட்டையும் ஒரே பில்லில் காட்டினால் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பி வந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். அவரிடம் தேதி தப்பாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும்போது எனக்குக் கை வலியைவிட அது பெரிதாக இருக்கும்.

மூன்று வழிகளைப் பார்த்தோம். சேலையூரில் எங்களுக்கு வருடக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் முதல் பேச்சிலேயே ஒதுங்கிக்கொண்டார்.

"ஜிஎஸ்டி வரைக்கும் நான் பாத்துக்கறேம்மா. இன்ஷூரன்ஸ்காரனோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல."

இரண்டாவதாக ஒரு சாஃப்ட்வேர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் நான்தான் உட்கார்ந்து தட்ட வேண்டும். தோளுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பில்லிங் சர்வீஸின் ஆள். மெடிக்கல் சாமான் கடைகளுக்கு மட்டுமே பில் போட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பேசி, வாடகைக்கு எடுத்தவர்களுக்கு நினைவூட்டி, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. குரலை உயர்த்தவே இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வெந்நீர் இருந்தால் போதும் என்றார்.

எந்த மெஷின் எந்த வீட்டில் இருக்கிறது என்று நாங்கள் எழுதி வைக்கும் வெள்ளைப் பலகை ஒன்று கடைச் சுவரில் இருந்தது. அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். நான் கட்டணம், ஒப்பந்தம் என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல்.

"இந்த போர்டே இனிமே தேவையில்ல மேடம். நீங்க போன்ல வாயால சொன்னா போதும். எங்க பொண்ணுங்க ஏத்திடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"பேஷண்ட் பேர், வயசு, என்ன வியாதி, எந்த டாக்டர், கூட இருக்கறவங்க நம்பர், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் ஓடுது. இதெல்லாம் கிளெய்முக்கு வேணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "மெஷின் ரிட்டர்ன் வரும்போது காரணம் கேப்பீங்களா மேடம்?"

"எதுக்குக் கேக்கணும்? அதுவே தெரிஞ்சிடும்."

"எப்படி?"

நான் யோசிக்காமல் சொன்னேன். குணமானவர்கள் அவர்களே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவருவார்கள். மெஷினைத் துடைத்து, வயரைச் சுற்றி, சில சமயம் கையில் ஸ்வீட்டோடு வருவார்கள். மற்றவர்கள் போன் செய்வார்கள். வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மட்டும் சொல்வார்கள். அது வீட்டில் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குப் பாரம்.

அவர் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டார். இதில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அத்தோடு விட்டுவிட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா மேடம்? அதாவது, இந்த வீட்ல சீக்கிரம் ரிட்டர்ன் வரும்னு?"

"அஞ்சு லிட்டர் மெஷினைக் குடுத்துட்டு பத்து லிட்டர் கேட்டாங்கன்னா கொஞ்சம் கஷ்டம்தான்."

அதையும் குறித்துக்கொண்டார்.

கட்டணத்தைக் கேட்டதும் என் கணவரே வியந்தார். ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் ஆகும் சம்பளத்தில் கால்வாசிகூட வரவில்லை.

"இவ்ளோ கம்மியா பண்ணா உங்களுக்கு எப்படிங்க கட்டுப்படியாகும்?"

"வால்யூம் சார். செங்கல்பட்டு வரைக்கும் உங்கள மாதிரி நிறைய கடைங்க எங்ககிட்ட இருக்கு."

அவர் போன பிறகு என் கணவர் பலகையைக் கழற்றி உள்ளறையில் சாய்த்து வைத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. எனக்கு ஏனோ அன்று முழுதும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். பில்கள் சரியாகப் போயின. திரும்பி வருவது நின்றே போனது. என் தோளும் பிசியோதெரபிக்கு இணங்கி மெல்ல இறங்கி வந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கேற்ற நேரம் கிடைத்தது.

முதலில் ஒரு வாடிக்கையாளர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கடைக்கு வந்தபோது சாதாரணமாகச் சொன்னார். "உங்க சர்வீஸ் நல்லா இருக்குங்க. கட்டில் வந்த மறுநாளே நர்ஸ் வேணுமான்னு உங்க ஆளுங்க போன் பண்ணாங்க." நாங்கள் நர்ஸ் அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது நம்பரைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு வேறொரு வீட்டில், பெரியவர்களுக்கான டயபர் விற்கிறவர்கள் கூப்பிட்டார்கள் என்றார்கள். இன்னொரு வீட்டுக்கு நகைக் கடன் தருகிறோம் என்று போன். இப்போது யாருக்குத்தான் இப்படிப் போன் வருவதில்லை? எனக்கே தினம் நாலு வருகிறது. அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாடம்பாக்கத்தில் ஒரு டீச்சர் இருந்தார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் வியாதி. அவரும் அவர் கணவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரோடு போய் வந்துகொண்டிருந்தவர், அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அதையும் நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வாரம் ஐந்து லிட்டர் மெஷினை மாற்றிப் பத்து லிட்டர் வைத்துவிட்டு வந்தார் என் கணவர்.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் சிவன் கோயிலுக்குப் போன நான், மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுப் படியேறினேன். டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். மெஷின் மூலையில் பெருமூச்சு விடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கணவரைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். அவர் உள்ளே போனதை உறுதி செய்துகொண்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பெட்டிக்காரங்க போன் பண்ணாங்கம்மா."

"எந்தப் பெட்டி டீச்சர்?"

"ஐஸ் பெட்டி."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இறந்தவர்களை வீட்டில் வைக்க வாடகைக்கு வரும் பெட்டி. எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் அதுதான் முதலில் வந்து இறங்கும்.

அவரால் நான்கு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டான். நல்ல மரியாதையான பையன். தேவைப்பட்டா இந்த நம்பர்ல கூப்பிடுங்க. கிறிஸ்டியன் ஃபேமிலின்னா சவப்பெட்டியும் நாங்களே ஏற்பாடு பண்றோம்னான். அந்த அம்மாதான் பேசறேன்னு நான் சொல்லல. பாவம், பயந்துடுவான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

"டாக்டர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டுட்டேன், இன்னும் எவ்வளவு நாள்னு. சொல்ல மாட்டேங்கறார். இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு போல." அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார். "உனக்கும் தெரியுமாம்மா?"

அவர் கணவர் காபியோடு வருவது கேட்டது.

"சார்கிட்ட சொல்லிடாதே" என்றார் தணிந்த குரலில்.

"எந்த நம்பருக்கு வந்துச்சு டீச்சர்?"

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன போனைக் காட்டினார். மகன் ஊருக்கு வந்திருந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனது. மெஷின் நின்றுவிட்டால் எங்களைக் கூப்பிடுவதற்காக மட்டும். அந்த நம்பரை அவர்கள் எங்களைத் தவிர யாருக்கும் கொடுத்ததில்லை. எங்களிடம் இருந்து அது போன இடம் ஒன்றே ஒன்று.

காபியைக் குடித்தேனா என்று நினைவில்லை. கேம்ப் ரோடு வழியாக வண்டியில் திரும்பும்போது, அந்த ஆள் பலகைக்கு முன்னால் நின்று படித்ததும் நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதும் மறுபடி மறுபடி கண் முன்னால் வந்தன.

என் கணவர் நம்பவில்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து போயிருக்கும். இவனுங்களுக்கு ஐஸ் பெட்டிக்காரனோட என்ன சம்பந்தம்?" அவர் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். எனக்கும் நிச்சயம் வேண்டியிருந்தது. நேராகக் கேட்டால் இல்லை என்பார்கள். அதனால் மறுநாள் காலை பில்லிங் சர்வீஸுக்குப் போன் செய்து, புதிய நோயாளி ஒருவரைச் சேர்க்கச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை. பெயர் கேட்டாள் போனை எடுத்த பெண். சட்டென்று எதுவும் வாயில் வரவில்லை. என் கணவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். முகவரி எங்கள் வீடு. நான் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய நம்பர். வயதை மட்டும் இருபது கூட்டினேன். நுரையீரல் வியாதி, ஐந்து லிட்டர் மெஷின்.

"ஏண்டி, என் பேர்தான் கெடச்சுதா?" என்றார் கணவர்.

"வேற பேர் வரலைங்க."

அவர் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் அந்தப் பெண் எழுத்துக்கூட்டி அவர் பெயரைத் திருப்பிச் சொன்னபோதே வேறு பெயர் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாளே பழைய போன் அடித்தது. நர்ஸ் வேண்டுமா என்று ஒரு பெண் குரல். அப்புறம் டயபர். அப்புறம் வீட்டிலேயே ரத்தப் பரிசோதனை. எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, பாத்ரூமுக்கு எழுந்து போகிறாரா. விளையாட்டாக எடுத்துக்கொண்டவர், மூன்றாவது போனுக்குப் பிறகு அந்தப் போன் அடித்தாலே எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்.

ஒரு வாரம் விட்டு, பத்து லிட்டர் மெஷினுக்கு மாற்றியிருக்கிறோம் என்று சொன்னேன். சரி மேடம், அப்டேட் பண்ணிட்டேன் என்றாள் அந்தப் பெண். அதற்கடுத்த நாள் மத்தியானம் நாங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ரசம் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் போன் அடிக்க, அவரே எடுத்துவிட்டார். வெளியே வந்தபோது போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காருப்பா" என்று சொன்னார். "இப்ப சாப்ட்டுக்கிட்டு இருக்காரு."

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"மார்ச்சுவரி வண்டியும் இருக்காம். வெளியூர்ல யாராவது வரணும்னா மூணு நாள் வரைக்கும் வெச்சுக்கலாமாம்." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கேர்ந்து பேசறேன்னு கேட்டேன். சேலையூர் தாண்டி அவன் ஷெட்டு. வா, போலாம்."

மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. மூன்று கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றை ஒருவர் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கொட்டகையின் உரிமையாளர் அவர்தான். நாங்கள் பெட்டி எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் கணவர் தன் பெயரைச் சொன்னார். அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னா சார், நீங்க நல்லாத்தான கீறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். எங்க வீட்டு நம்பர் உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "ஒரு ஆபீஸ்லேர்ந்து வருது சார். மாசா மாசம் துட்டு கட்றோம், அனுப்புறாங்க. ஏரியா, பேரு, நம்பரு, எத்தினி லிட்டரு. பத்து லிட்டருன்னு வந்தா என் பையன் கூப்புடுவான். நான் மட்டும் இல்ல, இந்த லைன்ல கீற அல்லாரும் வாங்குறாங்க."

"உயிரோட இருக்கறவங்களுக்குப் போன் பண்ணி ஐஸ் பெட்டி வேணுமான்னு கேக்கறது தப்பில்லையா?" என்றேன்.

"நாங்க இன்னா கொலையா பண்றோம்? செத்த வூட்ல எவன் சார் பெட்டிக்கு நம்பர் தேடிகினு இருப்பான். முன்னாடியே கைல நம்பர் இருந்தா அவங்களுக்கும் ஒரு பேஜார் இல்ல." கழுவிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். "இன்னைக்கு நான் கூப்புடலன்னா இன்னொருத்தன் கூப்புடுவான்மா."

அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. கிளம்பும்போது என் கணவரிடம், உடம்பைப் பாத்துக்கோங்க சார் என்று அக்கறையாகச் சொன்னார்.

வண்டியிலிருந்தே அந்த சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்தேன். மாடம்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னேன், கொட்டகையில் கேட்டதைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். குரல் அன்று வெந்நீர் கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"அக்ரிமெண்ட்ல இருக்கு மேடம். சேவையுடன் தொடர்புடைய பார்ட்னர்களோட தகவல் பகிரப்படும்னு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஐஸ் பெட்டி என்ன சேவை?"

"குடும்பத்துக்கு அதுவும் ஒரு தேவைதானே மேடம்."

"எங்க பேஷண்டுங்க விவரம் எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிடுங்க. இனிமே உங்க சர்வீஸ் வேண்டாம்."

"நிறுத்திடலாம் மேடம். ஆனா போனது போனதுதான், அத நாங்க திரும்ப வாங்க முடியாது." அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "கடைசியா நீங்க ஒரு பேஷண்ட் சேத்தீங்களே. அது உங்க வீட்டு அட்ரஸ்தானே மேடம்? சேக்கும்போதே எங்களுக்குத் தெரியும். சார் நல்லா இருக்காரா?"

நான் போனை வைத்துவிட்டேன். என் கணவர் என்ன சொன்னான் என்று கேட்டார். நிறுத்திவிடுவார்களாம் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவரிடம் சொல்ல எனக்குப் பல வாரங்கள் ஆயின.

போலீஸில் புகார் கொடுத்தோம். இணையக் குற்றப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பார்க்கிறோம் என்றார். பிறகு எங்கள் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் நேரில் சொல்வது என்று முடிவு செய்தோம். சிலர் கோபப்பட்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். பெரும்பாலானவர்கள், இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீர்களா என்பதுபோலப் பார்த்தார்கள். "எல்லாரும்தான் கூப்பிடறாங்க" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டு, நோயாளியின் வாயைத் துடைக்கப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு அங்கே வேலையே இல்லை.

டீச்சர் மழை ஓய்வதற்குள் போய்விட்டார். சர்ச்சில் இருந்தே எல்லா ஏற்பாடும் செய்தார்கள். மெஷினை எடுத்துவர நானும் போனேன். டீச்சரின் கணவர் அதைத் துடைத்து வயரைச் சுற்றி வைத்திருந்தார். அவர் மனைவிக்கு அப்படி ஒரு போன் வந்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் மறுபடி கீபோர்டுக்கு வந்தேன். அந்த சாஃப்ட்வேரையே வாங்கினோம். நெட்டோடு இணைக்காமல் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற மாதிரி போட்டுத் தரச் சொன்னோம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையைச் சுவரில் ஏற்றி இறக்கிக்கொண்டு பில் போடுகிறேன். பலகையை மாட்டவில்லை. வீட்டுக்காரர் நம்பரைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. வியாதியைக் கேட்காததால் சில கிளெய்ம்கள் திரும்பி வருகின்றன. வரட்டும் என்று இருக்கிறோம். ஒரு மாதிரி எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் மறைமலை நகரில் ஒரு வீட்டுக்கு மெஷின் எடுக்கப் போனோம். கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர், அவருடைய அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்திருந்தார். பழைய சர்வீஸை நாங்கள் விட்டு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வந்த வீடு அது. அந்த பில்லை என் கையாலேயே போட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை.

கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொன்னேன். தனி ஆளாக எல்லாவற்றையும் சமாளித்தது கஷ்டமாக இருந்திருக்கும் என்றேன்.

"இல்லக்கா. அந்த விஷயத்துல ஒரு கஷ்டமும் இல்ல. ஐஸ் பெட்டி உடனே வந்துடுச்சு."

"யாருக்குப் போன் பண்ணீங்க?"

"நான் பண்ணவே இல்லக்கா. அப்பா போனது காலைல. நான் வெளிய வந்து பக்கத்து வீட்டுக்காரங்கள எழுப்பலாம்னு கேட்டைத் தொறந்தா, ஐஸ் பெட்டி வண்டி, வெள்ளை வேன், தெருமுனைல நிக்குது. கையக் காட்டினேன், வந்துட்டாங்க. நல்ல மனுஷங்க. சொந்தக்காரங்க மாதிரி தூக்கி வெச்சாங்க."

மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த என் கணவர் நிறுத்திவிட்டார்.

"அந்த வண்டி எப்போலேர்ந்து நின்னுச்சு தம்பி?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். இப்போதுதான் முதல்முறையாக அதை யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "முந்தின நாள் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்பவே நின்னுச்சுன்னு நெனைக்கிறேன் சார். அப்ப இன்னும் இருட்டல. நான் வேற யாரோ வீட்டுக்கு வந்திருக்குன்னு நெனச்சேன்." பிறகு படத்தைப் பார்த்தார். "அன்னைக்கு சாயந்திரம் அப்பா நல்லா பேசிக்கிட்டுதான் இருந்தாரு. இட்லி கேட்டாரு."

அவருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? எங்களிடமிருந்து போகவில்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்த இடமா, மருந்துக் கடையா, ஆம்புலன்ஸா, வேறு எங்கேயாவதா என்று இனி யாரைப் போய்க் கேட்பது.

மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு வந்தோம். கம்பெனி பஸ்கள் வரிசையாக ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்குள் என் கணவரே நிறுத்திவிட்டார். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் லாரிகளும் பஸ்களும் பைக்குகளுமாக ரோடு முழுக்க வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளை வேன்களும் இருந்தன. அதில் எது எங்கே போகிறது என்று சொல்ல வழியில்லை.